தர்மபுரி சாலைகளில் ஒரு பெட்ரோல் ஸ்விஃப்ட்: 16 மைலேஜ் 19 ஆன விதம்

என்னிடம் இருப்பது 2018 மாடல் மாருதி ஸ்விஃப்ட். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். சொட்டுநீர்ப் பாசனச் சாமான்கள் விற்கும் வேலை என்பதால் வண்டி சும்மா நிற்காது. ஒரு நாள் பாலக்கோடு, ஒரு நாள் அரூர், இன்னொரு நாள் பென்னாகரம், நடுவில் ஓசூர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுவனம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தந்துவிடும். பெட்ரோல் என் பாடு. அந்தத் தொகையை முடிவு செய்தது லிட்டர் 80 ரூபாய்ச் சொச்சம் விற்ற காலத்தில். 2021இல் விலை 100ஐத் தொட்டது. அப்புறம் வரியை அவ்வப்போது குறைத்தும் அந்த 100ஐச் சுற்றியேதான் நிற்கிறது. படித்தொகை மட்டும் ஏறவில்லை. ஆக, மைலேஜ் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, சம்பளத்தில் ஒரு பங்கு.

இந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன மைலேஜ் 22. அது சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுக்கிற கணக்கு; அங்கே மேடும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. எனக்கு ஆரம்பத்தில் 16 வந்தது. இப்போது பெரும்பாலும் 19, நல்ல மாதத்தில் அதற்கும் சற்று மேல். மாதம் 2000 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 20 லிட்டர் மிச்சம். இரண்டாயிரம் ரூபாய் என்பது எங்கள் வீட்டில் ஒரு மாத கேஸ் சிலிண்டருக்கும் பால் பாக்கிக்கும் கொடுத்த பிறகும் கொஞ்சம் மீதி நிற்கும் தொகை.

முதலில் அளக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்பினால் ஏமாற்றம்தான். என் வண்டியில் அது நிஜத்தைவிட ஒன்று கூட்டியே காட்டுகிறது. டேங்கை நிரப்பி, நாசில் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விளிம்பு வரை ஊற்றக் கூடாது. ஓடிய பிறகு அதே பங்க்கில் மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் போதும். ஒரு தடவை வருவதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, நாலைந்து தடவை சராசரி எடுக்க வேண்டும். முக்கியமாக எங்கள் ஊர்ப் பக்கம், போன வழியே திரும்பி வந்த பிறகுதான் கணக்குப் போட வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

எனக்குப் பெரிய மாற்றம் கொடுத்தது வேகம்தான். கிருஷ்ணகிரி போகும் நான்குவழிச் சாலையில் 110 தொடுவது சுலபம், வண்டிக்கு அது ஒரு சிரமமே இல்லை போலத் தெரியும். ஆனால் காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 80இல் எவ்வளவு தடையோ, 110இல் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நான் 80, 85க்குள் நிற்க ஆரம்பித்ததும் அந்தச் சாலையில் மட்டும் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடியது. நேரம் போகாதா என்றால், போகும். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காகிதத்தில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வித்தியாசம். நிஜத்தில் அவ்வளவு வராது. காவேரிப்பட்டணத்துப் பக்கம் என்னை விர்ரென்று தாண்டிப் போன வண்டியை டோல் வரிசையில் எனக்கு நாலு வண்டி முன்னால் பார்த்த அனுபவம் எத்தனையோ உண்டு.

இனி மேடு இறக்கம். கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர்ச் சொச்சம், ஓசூர் 900 மீட்டர் வாக்கில். நடுவில் மேலுமலை, சூளகிரி என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரு டன் எடையுள்ள வண்டியை 400 மீட்டர் உயரம் தூக்க எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எஞ்சின் பெட்ரோலின் சக்தியில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்தால் ஏறக்குறைய அரை லிட்டர். சாலையில் ஓடும் செலவு போக, உயரத்துக்கு மட்டும் இந்த அரை லிட்டர். அதனால் ஓசூர் போய்ச் சேரும்போது மைலேஜ் பார்த்தால் வண்டியில் ஏதோ கோளாறு என்று தோன்றும்; திரும்பி வந்து பார்த்தால் புது வண்டி மாதிரி காட்டும். இரண்டும் பொய். கூட்டிப் பார்த்தால்தான் உண்மை.

மேடு ஏறும்போது வேகத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தால் பெட்ரோல் கொட்டும். நான் கால் அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வேகம் 65, 70க்கு இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிடுவேன். எஞ்சின் திணற ஆரம்பித்தால் ஐந்திலிருந்து நாலுக்கு மாற்றிவிடுவேன். டாப் கியரிலேயே இருந்தால் மிச்சம் என்று பிடிவாதமாக உறும விட்டு ஏற்றுவதில் லாபம் இல்லை, எஞ்சினுக்கும் கேடு.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவது இந்தப் பக்கத்தில் வேரோடிப்போன பழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அதில் நாலு காசு மிச்சம் இருந்திருக்கலாம். கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கதை தலைகீழ். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். அதாவது பயந்து பயந்து நியூட்ரலில் உருட்டுகிறவர்தான் அதிகம் செலவழிக்கிறார். ஓசூரிலிருந்து திரும்பும்போது சூளகிரி தாண்டி வரும் நீண்ட இறக்கங்களில் நான் ஐந்தாவது கியரிலேயே காலை எடுத்துவிட்டு வருவேன். அங்கே அந்த நொடியின் மைலேஜைக் காட்டும் கோடு உச்சத்தில் போய் நிற்கும், பார்க்கவே சந்தோஷம்.

தொப்பூரில் இது பெட்ரோல் கணக்கு மட்டும் இல்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது அந்தக் கணவாயில் நடந்த விபத்துகளை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரியை டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழு எடையும் பிரேக் மேல் விழுகிறது. பிரேக் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்கவே பிடிக்காது. எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்குக்கு வேண்டிய காற்றும் சேராது. காரிலும் சாவியைத் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும். நான் அங்கே மூன்றாவது கியரில் இறங்குவேன். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளிலும் அப்படித்தான், சில இடத்தில் இரண்டாவது. பெட்ரோல் செலவு அப்போதும் பூஜ்யம்தான் என்பதால் பாதுகாப்புக்கும் மைலேஜுக்கும் இங்கே சண்டையே கிடையாது.

டயர் காற்று பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் வண்டி எடுத்ததும் பக்கத்துப் பங்க்கில் பார்க்க வேண்டும். வெயிலில் ஓடி வந்து பார்த்தால் நாலு பிஎஸ்ஐ வரை கூடக் காட்டும். வெப்பநிலை ஆறு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும். ஏப்ரலில் தர்மபுரியில் நிரப்பியதை மார்கழி மாத ஓசூரில் அளந்தால் குறையத்தான் செய்யும். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுப்பதில் மைலேஜ் வராது. சாதாரணக் காற்றிலேயே நைட்ரஜன் 78 சதவீதம்.

ஒர்க்‌ஷாப் விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெயர் வேண்டாம். சர்வீஸ் விட்ட இடத்தில் மேனுவலில் சொன்ன மெல்லிய ஆயிலுக்குப் பதில் கனமான ஆயிலை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். மைலேஜ் இறங்கியதும் பில்லை எடுத்துப் பார்த்தால் வேறு கிரேடு. கேட்டதற்கு, “நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் சார் நல்லது” என்றார் அங்கிருந்த பையன். அடுத்த ஆயில் மாற்றத்தில் சரியானதை ஊற்றச் சொன்னேன், எண் பழையபடி ஏறியது. இன்னொன்று, பின் சக்கர பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. நீண்ட தூரம் போய் நிறுத்தியதும் நாலு சக்கரத்துப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கேதான் கோளாறு.

ஏர் ஃபில்டரை அடிக்கடி மாற்றினால் மைலேஜ் கூடும் என்பார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் சோதித்தபோது, இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அழுக்கு ஃபில்டரால் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, இழுவைதான் குறைந்தது. ஆனாலும் கிரானைட் லாரிகள் ஓடும் சாலைகளில் அலைகிறவன் என்பதால் நான் தவறாமல் மாற்றுகிறேன். அது எஞ்சினுக்காக.

எத்தனால் பற்றிக் கேட்காதவர் இல்லை. 2025இல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம், இருசக்கர வண்டிகளில் 3, 4 சதவீதம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மைலேஜ் எழுதி வைக்கும் என் நோட்டிலும் ஒரு சரிவு தெரிகிறது. 19 என்று மேலே சொன்னது அந்தச் சரிவுக்குப் பிறகான எண். கலக்காத காலமாக இருந்திருந்தால் 20ஐத் தொட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். இதில் நம்மால் செய்ய ஒன்றும் இல்லை. விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டுப் பார்க்கலாமே என்றால், அதிலுள்ள உயர் ஆக்டேன் (எஞ்சினுக்குள் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன்) இந்த மாதிரி சாதாரண எஞ்சினுக்குத் தேவையில்லை, கொடுத்த காசுக்கு மைலேஜ் வராது.

என் மச்சான் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை வாங்கிவந்து, “மாமா, இதைப் போட்டா 30 சதவீதம் மிச்சமாம்” என்றான். நோட்டை எடுத்துக் கொடுத்து, இரண்டு மாதம் எழுதிவிட்டு வா என்றேன். இப்போது அந்தக் காந்தம் அவன் வீட்டு ஃபிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முழு எண்ணில் கேட்டால் அளவில் ஏமாற்றுவார்கள், 500 ரூபாய்க்குப் போடாமல் 510க்குப் போடு என்பதும் இந்த ரகம்தான். அளவில் சந்தேகம் வந்தால் ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கலம் இருக்க வேண்டும், அதில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், அவ்வளவுதான்.

ஏசி விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிவிடுவேன். நெடுஞ்சாலையில் திறந்த ஜன்னலே காற்றை இழுத்து வேகத்தைத் தின்னும், அங்கே ஏசிதான். மே மாதத்து அரூர் வெயிலில் மைலேஜ் பேசுகிறவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்து பார்க்கட்டும்.

வீட்டில் அதிகம் மிச்சம் பிடிப்பது நான் இல்லை. மனைவி நல்லம்பள்ளிக்கு வேலைக்குப் போவது டவுன் பஸ்ஸில். 2021இலிருந்து பெண்களுக்கு அதில் கட்டணம் கிடையாது. முன்பு நான் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். கடைகண்ணிக்கு ஸ்கூட்டர்தான். எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் சின்னத் தூரத்தில்தான் கார் மிக மோசமாகக் குடிக்கும் என்பதால், நகருக்குள் காரை எடுப்பதையே கூடியவரை விட்டுவிட்டோம்.

இப்போது யோசித்துக்கொண்டிருப்பது வழி பற்றி. ஓசூருக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகப் போனால் தூரம் குறைவு, கிருஷ்ணகிரி டோலும் இல்லை. ஆனால் தக்காளி வரத்து அதிகமுள்ள நாளில் மண்டிப் பக்கம் மாட்டிக்கொண்டால் முதல் கியரிலேயே ஊர்ந்து, மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும். கிருஷ்ணகிரி வழிக்கு 2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது, வந்தபோது 3000 ரூபாய், 200 தடவை கடக்கலாம். சேலம் போகும்போது பாளையம் டோலுக்கும் அதுவே ஆகும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில், சந்தை நாளில் கிருஷ்ணகிரி வழி, மற்ற நாளில் காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் ராயக்கோட்டை வழி என்று வைத்திருக்கிறேன்.