மே மாத இரவு 8 மணி: எண்ணூரிலிருந்து பார்த்தால் எந்த மின்சாரம் சரி?

மே மாதம் இரவு 8 மணிக்கு, வட சென்னையில் எண்ணூரை ஒட்டிய எர்ணாவூரில் எங்கள் தெருவுக்கு லோ வோல்டேஜ் வந்துவிடும். ஃபேன் இறக்கைகளை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு வேகம் குறையும். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் விசிறியை எடுப்பார்கள். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நாட்டின் மின்கொள்கை எது நல்லது, எது கெட்டது என்று பேச எனக்கு இந்த 8 மணிதான் முதல் அளவுகோல். சூரியன் இறங்கிய பிறகு, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சுவிட்ச் போடும்போது, எது கைகொடுக்கும்?

இரண்டாவது அளவுகோல் எங்கள் ஊர் சார்ந்தது. அந்த மின்சாரத்தின் கழிவு யார் வாசலில் வந்து சேரும்?

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, டெல்லியில் பேசப்படும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்த வேண்டும். 2030-க்குள் மொத்த நிறுவு திறனில் பாதியைப் புதைபடிவ எரிபொருள் அல்லாத வழியில் கொண்டுவருவோம் என்று இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்தது. 2025 ஜூனிலேயே அந்தப் பாதியைத் தொட்டுவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நிறுவு திறன் வேறு, உற்பத்தி வேறு. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் ஊரில் ஒரு நாளைக்கு 4 யூனிட் போலத் தரும். ஒரு கிலோவாட் கரி நிலையம் சுமாராக ஓடினாலே 15 யூனிட் தரும். அதனால்தான் திறனில் பாதி பசுமையான பிறகும் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு கரியிலிருந்தே வருகிறது. கொள்கை அறிக்கையில் படிப்பது பாதி. எங்கள் வானத்தில் தெரிவது மீதி.

கரி: பழையதைத் திருத்துவதா, புதியதைக் கட்டுவதா?

வட சென்னை அனல் மின் நிலையத்தில் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, அண்மையில் வந்த மூன்றாம் நிலை 800. ஒட்டினாற்போல் வல்லூர் 1,500. ஆக 4,130 மெகாவாட், நடந்தே சுற்றிவரக்கூடிய ஒரு வட்டாரத்துக்குள். எண்ணூரின் பழைய பவர் ஹவுஸ் 450 மெகாவாட். 1970-களில் வந்தது, 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. அதே வளாகத்தில் 660 மெகாவாட்டுக்குப் புதிய அலகு கட்டும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது.

இரவு 8 மணிக் கேள்வியில் கரி தேர்ச்சி பெறும். வெயில், காற்று, மேகம் எதையும் பார்க்காது. இந்த உண்மையை விழுங்கிவிட்டுச் சூழலியல் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் சூரியனே தெரியாது. காற்றும் அப்போது ஆடிக்காற்று போல வீசாது. அந்த நாட்களில் மருத்துவமனையில் வென்டிலேட்டர் ஓடுவது கரியால்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஒடிசாவில் வெட்டி, பாராதீப்பில் கப்பலேற்றி, எண்ணூர் துறைமுகத்தில் இறக்கும் ஒவ்வொரு மூன்று டன்னிலும் ஒரு டன் எரியாமல் மிஞ்சும். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நம் வீட்டுக்கு இலவசமாக வரும் 100 யூனிட், கரியிலிருந்து வந்தால், அதன் பின்னால் 20 கிலோவுக்கு மேல் சாம்பல் இருக்கிறது. ஓர் அரிசி மூட்டை அளவு. அது தண்ணீரில் கலந்து குழாயில் போய்ச் சாம்பல் குளத்தில் சேர வேண்டும். குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றில் சேரும். உடைந்திருக்கிறது, பலமுறை.

காட்டுக்குப்பத்தில் இறால் பிடிக்கும் ஓர் அண்ணன் எனக்குக் காட்டினார். இடுப்பளவு ஆழம் இருந்த இடத்தில் இறங்கி நின்றார், முழங்காலைத் தாண்டவில்லை. "தண்ணி கொறையல தங்கச்சி, தரை ஏறிடுச்சு. கால அழுத்துனா சேறு வராது, மாவு மாதிரி சாம்பல்தான் வரும்" என்றார். கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு ஆற்றின் தரைதான் வயல்.

இப்போது பழைய நிலையங்களைத் திருத்தும் வழி. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் நிலையங்களின் புகைக்குக் கடுமையான வரம்புகளை அறிவித்தது. கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் கலவையைப் புகையின் மேல் தெளிக்கும் கந்தக நீக்கி அமைப்பை வைக்க வேண்டும். கெடு 2017. பிறகு 2022. பிறகு மேலும் மேலும் தள்ளிப்போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கும் டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கும் 10 கி.மீ. சுற்றளவில் இருப்பவற்றுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை கெடு நீடிக்கிறது. இந்தியக் கரியில் கந்தகம் குறைவு, காற்றில் அளந்தாலும் வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அரசின் வாதம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், அந்த வாயு காற்றிலேயே நுண்துகளாக மாறி, நுரையீரலுக்குள் போகும்போது வேறு பெயரில் அளக்கப்படுகிறது.

சென்னைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குக் கந்தக நீக்கி வேண்டும் என்று நான் கேட்பேன். ஆனால் அதிலேயே திருப்தியடைய முடியாது. அந்த அமைப்பு புகைபோக்கியின் கந்தகத்தைத்தான் பிடிக்கும். சாம்பல் ஒரு கைப்பிடி குறையாது. கரியமில வாயு குறையாது. 1990-களின் நடுவில் ஓடத் தொடங்கிய அலகுகளுக்கு இவ்வளவு செலவு செய்தால், செலவை எடுக்க இன்னும் பல ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்து வரும். 2023 ஜனவரியில் மத்திய மின் ஆணையம், 2030 வரை எந்த அனல் அலகையும் மூட வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், பழையது போகாது, புதியது மேலே ஏறும் என்பதுதான் எங்களுக்குக் கிடைக்கும் நிலைமை.

புதிய 660 மெகாவாட் அலகு பழையதைவிடக் குறைந்த கரியில் ஓடும், உண்மைதான். ஆனாலும் முழு வீச்சில் ஒரு நாள் ஓட ஏறக்குறைய 9,000 டன் கரி வேண்டும். 3,000 டன் போலச் சாம்பல் வரும். கட்டிவிட்டால் 25 ஆண்டுக்குக் குறையாமல் ஓட்டுவார்கள். வெயில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் பகலில் அதைக் குறைத்து ஓட்டினாலும் கட்டுமானக் கடனும் வட்டியும் குறையாது. நம் மின்கட்டணத்தில் வந்து ஏறும். இரவு நாலைந்து மணி நேரப் பற்றாக்குறைக்கு 24 மணி நேர நிலையம் ஒன்றைக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எரிவாயுவும் அணுவும்

எரிவாயுவுக்கு எண்ணூரில் வாசல் ஏற்கெனவே இருக்கிறது. 2019-ல் திறந்த திரவ எரிவாயு முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடியது. சாம்பல் இல்லை, கரியமில வாயு கரியில் பாதி, தேவைப்பட்ட வேகத்தில் ஏற்றி இறக்கலாம். பேசின் பாலத்தில் 120 மெகாவாட் டர்பைன்கள் உச்ச நேரத்துக்கென்றே கட்டப்பட்டவை. ஆனால் எரிவாயு இறக்குமதிச் சரக்கு. 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் விலை எங்கேயோ போனது. நாடு முழுக்கக் கட்டிய எரிவாயு நிலையங்களில் பெரும்பாலானவை எரிபொருள் கட்டுப்படியாகாமல் படுத்துக் கிடக்கின்றன. மே மாதத்தில் சில நாள் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நம்ப முடியாது.

அணுவுக்கு டெல்லியில் இப்போது பெரிய வரவேற்பு. 2047-க்குள் 1,00,000 மெகாவாட் என்று இலக்கு. 2025 டிசம்பரில் தனியாருக்கும் வழிவிடும் சட்டம் நிறைவேறியது. கரியமில வாயுவைக் கணக்கில் கொண்டால் நல்லதுதான். ஆனால் கல்பாக்கத்தில் 2004-ல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் ஈனுலையில் (எரிபொருளைத் தானே பெருக்கிக்கொள்ளும் அணு உலை) உலைக்கருவை நிரப்பும் வேலை தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். இருபது ஆண்டு. எங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

மொட்டை மாடித் தகடு

2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளுக்கு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அண்ணா நகரிலோ அடையாறிலோ சொந்த வீடும், 500 யூனிட்டைத் தாண்டும் பில்லும் உள்ளவருக்கு அருமையான திட்டம். யார் கேட்டாலும் போடச் சொல்வேன்.

எங்கள் பக்கம் வந்து பாருங்கள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு மாடியை எத்தனையோ குடும்பங்கள் பகிர்கின்றன. அங்கே தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, கருவாடு எல்லாம் இருக்கும். குப்பங்களில் ஓட்டுவீடும் ஷீட்டும். வாடகைக்கு இருப்பவருக்கு மாடி சொந்தமில்லை. 100 யூனிட்டுக்குள் செலவழிப்பவருக்குப் பில்லே வராது. கடன் வாங்கித் தகடு போட்டு என்ன மிச்சம்? கடலோர உப்புக்காற்று இரும்புச் சட்டத்தைத் தின்னும் என்பதும் சேரும். சாம்பலோடு அதிகம் வாழ்பவருக்கே இந்த மானியத்தில் கடைசி இடம். வாரியக் கட்டடங்களின் மாடியில் அரசே தகடு போட்டு, வரும் யூனிட்டை எல்லாக் குடும்பங்களின் கணக்கிலும் பிரித்து வைத்தால் நிலைமை மாறும். அப்படியானாலும் இரவு 8 மணிக்குத் தகடு தூங்கும். அதனால் இதைத் தனித்து நிற்கும் மாற்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பேட்டரி

இரவு 8 மணிக் கேள்விக்கும் சாம்பல் கேள்விக்கும் ஒருசேரப் பதில் சொல்வது என் கணக்கில் இதுதான். பகலில் மிஞ்சும் வெயில் மின்சாரத்தை, ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழியில் மிஞ்சும் காற்று மின்சாரத்தை, சேமித்துவைத்து மாலை 6 முதல் 10 வரை கொடுப்பது. தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் முறை நமக்குப் புதிதல்ல; காடம்பாறையில் 1980-களிலிருந்து 400 மெகாவாட் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கு மலை வேண்டும். பேட்டரிக்கு வேண்டியது கொஞ்சம் நிலமும், உயரழுத்தக் கம்பியும், துணைமின் நிலையமும். மூடிய பவர் ஹவுஸ் வளாகத்தை ஒட்டி இவை எல்லாமே உண்டு.

660 மெகாவாட் பேட்டரியை 4 மணி நேரத்துக்கு வைத்தால் ஓர் இரவுக்கு 26 லட்சம் யூனிட். விலையும் இறங்கிவிட்டது. 2022-ல் நாட்டின் முதல் பெரிய ஏலத்தில் மெகாவாட்டுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். 2025-க்குள் அதில் கால்பங்குக்கும் கீழே வந்தது.

குறைகளை மறைக்கக் கூடாது. பேட்டரி மின்சாரம் உற்பத்தி செய்யாது. 100 யூனிட் ஏற்றினால் 85 போலத் திரும்பும். அந்த 26 லட்சத்துக்குச் சுமார் 770 மெகாவாட் சூரியத் தகடு எங்காவது வேண்டும். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் பூங்கா 2,500 ஏக்கர் எடுத்தது. எங்கள் சாம்பலைக் குறைக்க ராமநாதபுரத்து ஆடுகளின் மேய்ச்சலைக் கேட்கிறோம் என்பதை மனதில் வைத்துத்தான் இதைப் பேச வேண்டும். லித்தியம் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. 2023 டிசம்பரில் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர்கள் இவை. புதிதாக எது வந்தாலும், பேட்டரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, வெள்ள மட்டத்துக்கு எவ்வளவு உயரம், சைரன் எங்கே என்று முதலிலேயே கேட்போம்.

பணம் எங்கே என்பார்கள். 2010-ல் கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய ஆற்றலுக்காகவே ஒரு தீர்வை போட்டார்கள். 2016-ல் அது 400 ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கத் திரும்பிவிட்டது. 2025 செப்டம்பரில் 400 ரூபாயை நீக்கி, ஜிஎஸ்டியை 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக்கினார்கள். கணக்குப் போட்டால், டன் 3,000 ரூபாய்க்குக் குறைவான கரிக்கு மொத்த வரி குறைந்தே போயிற்று. சாம்பல் அதிகமுள்ள மலிவுக் கரிக்குச் சலுகை என்று இதற்குப் பொருள். அந்தத் தீர்வையை அதன் பழைய நோக்கத்தோடு திரும்பக் கொண்டுவந்தால், பேட்டரிக்கும் மூடப்படும் அலகுகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதுவே முதல் வருமானம்.

என் வரிசை இது: பவர் ஹவுஸ் வளாகத்தில் 660 மெகாவாட் கரி அலகு வேண்டாம், அங்கே பேட்டரி. வாரியக் குடியிருப்புகளில் பொதுத் தகடு. ஏற்கெனவே கட்டிவிட்ட புதிய அலகுகள் மழைக்கால நாட்களில் கைகொடுக்க இருக்கட்டும், கந்தக நீக்கியோடு. 1990-களின் அலகுகளுக்கு மூடும் தேதியை இப்போதே அறிவிக்க வேண்டும்.

இதையெல்லாம் காட்டுக்குப்பம் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பேட்டரிக்குச் சாம்பல் குழாய் வேணாம், சரி. ஆத்துல இப்பக் கெடக்குதே, அத யாரு அள்ளுவா தங்கச்சி?"

2021 டிசம்பரில் வந்த சாம்பல் அறிவிக்கை, குளங்களில் தேங்கிய பழைய சாம்பலைப் பத்தாண்டுகளில் பயன்படுத்தித் தீர்க்கச் சொல்கிறது. அவர் கேட்டது ஆற்றுத் தரையை. நான் மேலே போட்ட எந்தக் கணக்கிலும் அதற்கான செலவு இல்லை. வரிசையில் முதலாவதாக அதை எழுதிக்கொண்டேன்: வடகிழக்குப் பருவமழைக்கு முன், முகத்துவாரத்திலிருந்து மேலே, தரை தொடும்வரை அள்ளுவது.