பிளாக் பவுடரா, கம்போசிட்டா? மாடல் ராக்கெட் மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி

மாடல் ராக்கெட் விட ஆரம்பிக்கிறவங்க எல்லாம் எந்த மோட்டார் ரொம்ப உயரம் போகும்னு தான் முதல்ல கேக்குறாங்க, ஆனா அது எந்த முனைல பத்திக்கிது, எந்தப் பக்கமா எரிஞ்சு போகுதுன்னு தெரிஞ்சிக்கிட்டா எதை வாங்கணும்ங்கிறது தானா புரிஞ்சிரும்.

பிளாக் பவுடர்னா நம்ம வாண மருந்து தான். வெடியுப்பு, கந்தகம், கரி. 1950கள்ல ரஷ்யாவோட ஸ்புட்னிக் சாட்டிலைட் மேல போன வேகத்துல அமெரிக்கால பசங்க வீட்லயே மருந்து கலந்து கை, கண்ணெல்லாம் போக்கிக்கிட்டாங்க, அதை நிறுத்தத்தான் ஃபேக்டரில செஞ்ச, ஒரு தடவை மட்டும் எரியிற மோட்டார் வந்துச்சு. கொலராடோல வெர்ன் எஸ்டெஸ் அதுக்குன்னே ஒரு மிஷின் கட்டி 1959ல ஓட விட்டாரு, அதுக்கு மேபல்னு பேரு. இன்னைக்கும் எஸ்டெஸ் மோட்டார் தான் பலருக்கு முதல் மோட்டார்.

சி6-5ன்னு ஒன்னு எடுத்துக்கோங்க. சி-ன்னா மொத்த உந்தம், அதாவது எரியிற நேரம் முழுக்க சேர்த்துக் குடுக்குற தள்ளு, 5லேர்ந்து 10 நியூட்டன்-செகண்டுக்குள்ள, ஒவ்வொரு எழுத்து ஏறும்போதும் அந்த உச்ச அளவு டபுளாகும். 6ங்கிறது சராசரி தள்ளுவிசை, நியூட்டன்ல. 5ங்கிறது எரிஞ்சு முடிஞ்சப்புறம் பாராசூட்டைத் தள்ற சார்ஜ் வெடிக்கிற வரைக்கும் எத்தனை செகண்டு. அட்டைக் குழாய்க்குள்ள மருந்தை இறுக்கி அடைச்சு, கீழ களிமண் நாசில், அதாவது நெருப்பு வெளிய பீச்சிற வாய். அடி முனைல பத்தி ஊதுபத்தி மாதிரி மேல நோக்கி எரிஞ்சிக்கிட்டே போகும், மருந்து தீர்ந்த இடத்துல டிலேங்கிற மெதுவா எரியிற மருந்து பத்தும், டிலே தீர்ந்ததும் சார்ஜ். மோட்டாரைப் பத்த வைக்கிற ஸ்டார்டர் (இக்னைட்டர்னும் சொல்வாங்க) ஒரு மெல்லிசு கம்பி தான், கரண்ட் போனா பழுக்கும், அந்த நுனி மருந்தைத் தொட்டுக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான். பத்தலைன்னா பெரும்பாலும் கம்பி நுனி விலகி இருக்கும், இல்ல பேட்டரி வீக்கா இருக்கும்.

கம்போசிட் வேற ஜாதி. அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர்ல பிசைஞ்சு வார்க்கிறது, நம்ம பிஎஸ்எல்வியோட முதல் கட்டத்துல எரியறதும் இதே குடும்பம் தான். ஒரே எடை மருந்துக்கு பிளாக் பவுடரை விட ரெண்டு மடங்குக்கு மேல உந்தம் குடுக்கும். சி6 மாதிரியே 18 எம்எம் சைஸ்ல குவெஸ்ட் கம்பெனியோட கியூ-ஜெட் மோட்டார்ல டி கிளாஸ் வரைக்கும் கிடைக்குதுன்னா பாத்துக்கோங்க. ஆனா இதுல நாசில்லேர்ந்து நேரா மேல வரைக்கும் ஒரு ஓட்டை, இல்ல பள்ளம் இருக்கும், அந்தச் சுவர் முழுக்க ஒரே நேரத்துல எரியணும். அதனால இக்னைட்டரை மேல் முனை வரைக்கும் ஏத்தி விடணும், அங்க பத்துற சூடு கீழ இறங்கி வரும்போது சுவரெல்லாம் பிடிச்சிக்கும், பிரஷரும் ஏறும். பாதில நின்னா பிரஷர் ஏறாது. புஸ் புஸ்னு விட்டு விட்டுப் புகையும், ராக்கெட் நகராது. ஸ்டார்டரைப் பொறுத்து 6 வோல்ட் கண்ட்ரோலர் (பட்டன் அமுக்கிக் கரண்ட் விடுற பெட்டி) பத்தாமலும் போகலாம், பெரிய மோட்டார்னா 12 வோல்ட் வச்சிக்கிறது தான் நல்லது.

ரெண்டு அடுக்கு ராக்கெட்னா யோசிக்கவே வேணாம், பிளாக் பவுடர் தான். டிலேயே இல்லாத சி6-0 மாதிரி மோட்டாரைக் கீழ வச்சா அது எரிஞ்சு முடியும்போது மேல பீச்சிற நெருப்பே அடுத்த மோட்டாரைப் பத்த வச்சிரும். கம்போசிட்ல அதுக்குத் தனியா எலக்ட்ரானிக்ஸ் வேணும். விலையும் கூட.

ஆனா வாங்கி எடுத்து வச்சிக்கிற விஷயத்துல கம்போசிட் தான் ஜெயிக்குது. பிளாக் பவுடர் மோட்டாரை வெயில்ல காருக்குள்ள போட்டு வச்சு, அப்புறம் குளிர்ல வச்சு எடுத்தா உள்ள மருந்து விரிசல் விடும், இல்ல குழாயை விட்டுப் பிரியும், அப்புறம் பத்தினதும் மொத்தமா வெடிச்சிரும். கேட்டோன்னு சொல்வாங்க. சைஸ் பெருசாக பெருசாக இந்த பயமும் கூடுது. ரப்பர்ங்கிறதால கம்போசிட் இதை நல்லாவே தாங்கும். முன்னாடி அமெரிக்கால கம்போசிட் மருந்தை வெடிபொருள் லிஸ்ட்ல வச்சிருந்தாங்க, ராக்கெட் சங்கங்க கேஸ் போட்டு வருஷக்கணக்கா போராடி 2009ல கோர்ட்ல ஜெயிச்சாங்க, அதுல எனக்கு இன்னைக்கும் சந்தோஷம்.

என் முடிவு இது தான்: டி கிளாஸ் வரைக்கும் பிளாக் பவுடர், ஈ கிளாஸ்லேர்ந்து கம்போசிட். சின்னப் பசங்களோட போறீங்கன்னா சந்தேகமே இல்லாம பிளாக் பவுடர்.

எது வாங்கினாலும் பத்தலைன்னா உடனே ஓடாதீங்க, கண்ட்ரோலர் சாவியைக் கழட்டிட்டு 60 செகண்டு நில்லுங்க. என் முதல் கம்போசிட் மூணு தடவை புகைஞ்சு அப்படியே நின்னுச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போய்ப் பாத்தேன், மூணாவது தடவை தான் இக்னைட்டர் ஒரு விரல் அளவு கீழயே நின்னது தெரிஞ்சுது. இப்பல்லாம் உள்ள விடுறதுக்கு முன்னாடியே மோட்டார் பக்கத்துல வச்சு அளந்து, நாசில் வாய் வர்ற இடத்துல கம்பில ஒரு துண்டு டேப் ஒட்டிக்கிறேன், டேப் நாசிலைத் தொட்டாத்தான் கண்ட்ரோலர் கிளிப்பையே மாட்டுவேன்.