ஏஎம்டியா, ஏசிபியா?

“அவருக்கு என்ன வேண்டுமென்று கேட்காமலே விட்டுவிட்டோமே” என்பதுதான் வீடுகளில் அதிகம் மிஞ்சும் வருத்தம். கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்து இதைத் தவிர்க்கச் சிங்கப்பூரில் இரு வழிகள் உண்டு: ஏஎம்டி (Advance Medical Directive, முன்கூட்டிய மருத்துவ உத்தரவு), ஏசிபி (Advance Care Planning, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம்).

ஏஎம்டி, செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் சட்டப் பத்திரம்; 1996 சட்டப்படி 21 வயது நிரம்பியவர் எழுதலாம். சாட்சிகள் இருவர், ஒருவர் மருத்துவர். பிள்ளைகளைச் சாட்சியாக வைப்பதுதான் வழக்கமான தவறு. உங்களுக்குப் பின் சொத்தில் பங்கு பெறக்கூடியவர் சாட்சிக் கையெழுத்திட முடியாது. பதிவாளரிடம் பதிய வேண்டும். மரணம் நெருங்கிய, குணமாகாத நோயில், சுயநினைவின்றி இருப்பவருக்கு செயற்கையாக உயிரை நீட்டிக்கும்போது மட்டுமே செல்லும். பக்கவாதத்தில் படுத்த அம்மாவுக்கு மூக்குவழி உணவுக்குழாய் வேண்டுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

ஏசிபி அதற்குத்தான். ஐசியூவா, வீட்டுக் கட்டிலா, குழாய் எத்தனை நாள் என்றெல்லாம் பயிற்சி பெற்றவருடன் பேசிப் பதியலாம். உங்களுக்காகப் பேச இருவர்வரை நியமிக்கலாம். சட்டக் கட்டாயம் இல்லை, எப்போதும் மாற்றலாம். நியமித்தவரிடமே சொல்லாமல் விட்டால் ஐசியூ வாசலில் அண்ணன் தம்பி சண்டைதான் (நம் குடும்பங்களில் கேட்கவே வேண்டாம்).

ஒன்றுதான் முடியுமென்றால் ஏசிபி. செயற்கை சுவாசமே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர் ஏஎம்டியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.