ஆறு இரவு மாத்திரையும் நான்கு மாத ட்யூபும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிறப்புறுப்பில் வந்த பூஞ்சைத் தொற்றுக்கும், அதனால் நான்கு மாதம் திரும்பத் திரும்ப வந்த அரிப்புக்கும் நான் பயன்படுத்திய இரண்டு மருந்துகளைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்த கலவைக் களிம்பு; மற்றொன்று, மருத்துவர் எழுதித் தந்த, ஆறு இரவுகள் பிறப்புறுப்புக்குள் வைக்க வேண்டிய குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்படுவதால், அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து வாங்குவதே சரி.

களிம்பு வாங்கிய கதை பல பெண்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். மாலை ஷிப்ட் முடிந்த நேரம், கடை முழுக்க ஆண்கள். நான் குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஒரு மருந்து வேணுங்க" என்று மட்டும் சொன்னேன். எங்கே, எத்தனை நாளாக என்று கடைப் பையன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கவும் மாட்டேன். ஒரு ட்யூபைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டான். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கியதால், இவ்வளவு நல்ல மருந்தை முன்பே வாங்காமல் போனோமே என்று நினைத்தேன். பத்தே நாளில் மீண்டும் வந்தது. மறுபடி பூசினேன், அடங்கியது, மறுபடி வந்தது. நான்கு மாதத்தில் மூன்று ட்யூப் தீர்ந்தது.

பிற்பாடுதான் ட்யூபின் பின்புறத்தை நிதானமாகப் படித்தேன். அதில் குளோட்ரிமசோல் இருந்தது. கூடவே நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தன. இரண்டே நாளில் கிடைத்த சுகம் பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும். பூஞ்சையை எதிர்க்கும் உடலின் வேலையையும் சேர்த்தே அமுக்கும். பூஞ்சை உள்ளே இருக்க நான் வெளியே பூசிக்கொண்டிருந்தேன்; அரிப்பு நின்றவுடன் பூசுவதையும் நிறுத்திவிட்டேன். நீண்ட நாள் பூசினால் அந்த இடத்துத் தோல் மெலிந்துபோகும் என்பதும் எனக்குத் தெரியாது. 2018 மார்ச்சிலேயே 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. ஆனாலும் எனக்கு ட்யூப் கிடைப்பதில் ஒரு தடங்கலும் இருக்கவில்லை.

இடையில் கைவைத்தியமும் நடந்தது. வேப்பிலை வெந்நீரில் கழுவச் சொன்ன அமுச்சி (பாட்டி), "மஞ்சளை அரைச்சுப் பூசு கண்ணு" என்றும் சொன்னார். ஈரோட்டு மஞ்சள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சொறிந்து புண்ணாகியிருந்த இடத்தில் அது தந்த எரிச்சலை மறக்க முடியாது. அந்த இடத்தைக் கழுவ விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய வாசனைத் திரவத்துக்கும் அதே தீர்ப்புதான். வெறும் தண்ணீர் போதும்.

ஒருவழியாக மகளிர் மருத்துவரிடம் போனபோது, அவர் மருந்து எழுதுவதற்கு முன் பரிசோதித்தார். பஞ்சுக்குச்சியில் எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் கேண்டிடா பூஞ்சையின் இழைகள் தெரியுமாம். திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதலும் கடும் அரிப்பும் இதன் அடையாளம் என்றாலும், மீன் வாடையோடு வரும் பாக்டீரியா தொற்றுக்கு இந்த மருந்து வேலை செய்யாது என்பதால் பார்த்துவிட்டுக் கொடுப்பதே நல்லது என்றார்.

இனி மாத்திரை. 100 மில்லிகிராம் வீதம் ஆறு மாத்திரை, அவற்றை உள்ளே செலுத்த ஒரு பிளாஸ்டிக் குழல், எல்லாம் ஒரே அட்டையில். இரவு படுக்கும்போது, மல்லாந்து முழங்காலை மடக்கி வைக்க வேண்டும். முதல் இரவு நன்றாக எரிந்தது. எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. காலையில் சுண்ணாம்புக் கரைசல் போல வெள்ளையாக வடிந்தது; மருந்து வீணாகிவிட்டதோ என்று பயந்தேன், அப்படி வடிவது இயல்புதானாம். மூன்றாம் இரவு சொறியாமல் தூங்கினேன். வெளிப்புறத்துக்கு ஸ்டீராய்டு கலக்காத 1 சதவீதக் குளோட்ரிமசோல் களிம்பும் தந்தார்கள். அரிப்பு போய்விட்டதென்று நான்காம் நாளில் நிறுத்தாமல் ஆறையும் முடித்ததே பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. அட்டைக்குள் இருந்த தாள் முழுவதும் ஆங்கிலம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. திருப்பூரில் இதை வாங்கும் பெண்களில் எத்தனை பேர் படிப்பார்கள்? குழலின் முனையில் மாத்திரை சரியாக நிற்காமல் இருமுறை கீழே விழுந்தது. இந்த மருந்து ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பது போன்ற முக்கியமான செய்தியை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். கர்ப்பிணிகள் தாமாக வாங்கி வைக்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதற்கான விடை மாத்திரையில் இல்லை, இரத்தத்தில் இருந்தது. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 168. 126-ஐத் தாண்டினாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. கட்டுப்பாடில்லாத சர்க்கரை இந்தப் பூஞ்சைக்கு நல்ல தீனி. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இந்தத் தொற்றை அதிகமாக்கக்கூடும் என்பதால் எனக்கு மெட்ஃபார்மினைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டு மாதமாக அரிப்பு இல்லை. ஓர் ஆண்டில் மூன்று முறைக்கு மேல் வந்தால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தின் 150 மில்லிகிராம் மாத்திரையை வாரம் ஒன்றாக ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதுவரை அதற்குத் தேவை ஏற்படவில்லை.

ஆறு இரவு மாத்திரையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், பரிசோதனைக்குப் பிறகு என்ற நிபந்தனையோடு. கலவை ட்யூபை இதற்காக யாரும் வாங்க வேண்டாம். கடையில் கூட்டமாக இருக்கிறதே என்று கூச்சப்படுபவர்கள் மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டினால் போதும். இரண்டாம் முறை நான் அப்படித்தான் வாங்கினேன், ஒரு வார்த்தையும் பேசவில்லை.