கைவிட்ட இறால் குளத்து அமிலச் சேறு: சுண்ணாம்பா, மண் மூடியா, கடல்நீரா?

அலையாத்திச் சேற்றை வெட்டி அமைத்த இறால் குளம் காய்ந்து கிடந்தால், சுரங்கக் கசடு மேட்டில் நடப்பதேதான் அங்கும் நடக்கும். சேற்றிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறும். ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் ஓதநீரில் (கடல் ஏற்ற இறக்க நீரில்) ஊறிக் கிடக்கும் சேற்றுக்கு அந்த வம்பு இல்லை.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். வெட்டிய கரையில் அமிலத்தின் அடையாளமான வைக்கோல் நிறத் திட்டுகள் தெரிகின்றனவா? ஒரு கரண்டி சேற்றில், பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்குச் சரிசெய்த 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுங்கள். பொங்கி அடங்கியபின் பி.எச். 3-க்குக் கீழே போனால் பெரும்பாலும் அமிலம் தரும் பைரைட் சேறுதான். கையுறை கட்டாயம், தோலைப் பொசுக்கிவிடும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சுண்ணாம்பு. பைரைட்டுக் கந்தகம் 1 சதவீதம் இருந்தால் டன் மண்ணுக்குச் சுமார் 31 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். ஹெக்டேரில் 20 செ.மீ. ஆழத்துக்கு மண் ஏறக்குறைய 2,400 டன். தூள் 75 டன். சீராகக் கலக்காது என்பதால் ஒன்றரை மடங்கு போட்டால் 10 டன் லாரி பன்னிரண்டு. அதற்குக் கீழுள்ள சேறு இந்தக் கணக்கிலேயே இல்லை. பருமனாக அரைத்த தூளைத் துரு மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது வீணாகும். நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு வேகமாக வேலை செய்யும், கூடிப்போனால் பி.எச். 12-ஐத் தொட்டு மீனைக் கொன்றுவிடும்.

சேற்றின்மேல் களிமண் பரப்பிக் காற்றை அடைக்கும் மண் மூடி இந்த ஊருக்குத் தோது இல்லை. மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். பிறகு களிமண் வெடிக்கும், சீமைக் கருவேல் வேர் துளைக்கும்.

எங்கள் தேர்வு கடல்நீர்: கடைசியில் கரையை வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு, சேற்றை மூழ்கடித்து வைப்பது. அமிலத்தை முறிக்க அது போதாது. ஒரு கன மீட்டர் நீர் சுமார் 115 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்குத்தான் ஈடு. அதன் வேலை காற்றை அடைப்பது. ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. ஆனால் இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. தரைமட்டம் அரையடி தவறினாலும் பாதிக் குளம் மறுபடி காயும். மட்டம் பார்க்காமல் கரையில் கை வைக்காதீர்கள்.

பெரிய தவறு, முதல் மழையோடு மதகைத் திறப்பது. தேங்கிய அமிலமும் அலுமினியமும் ஓடைக்குப் போய் மீனின் செவுளை அடைக்கும். மழைக்கு முன்பே தரையில் நைசான தூளைத் தூவி, மதகை மூடியபடி கடல்நீர் ஏற்றுங்கள். பி.எச். 6.5-க்கு மேல் ஒரு வாரம் நின்ற பிறகு, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியோடு கரையைச் சிறிது சிறிதாக வெட்டலாம்.

வெட்டிய கரை மண்ணை வெளியே குவிக்கக் கூடாது. அதுவும் அமில மண்தான்; மழைக்கு மழை அமிலம் வடியும். சுண்ணாம்பு கலந்து, எப்போதும் நீர் நிற்கும் ஆழத்தில் குளத்துக்குள்ளேயே தள்ளுங்கள்.