பைத்தானின் டிக்ட், லிஸ்ட், இன்ட்: கிளாஸ்தான், ஆனால் எவ்வளவு தூரம்?

பைத்தான் நிரல்மொழியில் எல்லாமே ஆப்ஜெக்ட், இன்ட்டும் (முழு எண்) ஸ்ட்ரிங்கும்கூட (எழுத்துத் தொடர்) கிளாஸ்தான் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) என்று எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அது உண்மை என்றால் நாம் எழுதும் கிளாஸை எப்படி நீட்டி மாற்றுகிறோமோ, அப்படியே டிக்டையும் (ஒவ்வொரு கீயோடும், அதாவது தேடுபெயரோடும், ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கும் வகை) நீட்டி மாற்ற முடிய வேண்டும். முடிகிறதா என்பதுதான் இந்த மதிப்புரை. பேசுவது சி மொழியில் எழுதிய வழக்கமான வடிவமான சிபைத்தான் 3 பற்றி. பைபை என்ற மாற்று வடிவத்தில் சில இடங்களில் நடத்தை வேறாக இருக்கும்.

முன்பு நிலைமை மோசம். 2.1 வரை டைப் வேறு, கிளாஸ் வேறு. லிஸ்டிலிருந்து (வரிசைப் பட்டியல்) ஒரு சப்கிளாஸ் (அதன் நடத்தையைப் பெற்றுக்கொண்டு வரும் கிளாஸ்) எழுத வழியே கிடையாது. லிஸ்டையும் டிக்டையும் போலவே நடக்கும் யூசர்லிஸ்ட், யூசர்டிக்ட் என்ற மாட்யூல்களை வைத்துச் சமாளித்தார்கள். நீங்கள் எழுதிய எந்தக் கிளாஸின் ஆப்ஜெக்டைக் கொடுத்தாலும் டைப் என்ன என்று கேட்டால் 'இன்ஸ்டன்ஸ்' என்ற ஒரே பதில்தான் வரும். கைடோ வான் ராசம் எழுதிய பெப் (மொழியை மாற்றுவதற்கான முன்மொழிவு) 252, 253 இரண்டும் 2001 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில் இதைச் சரிசெய்தன. அப்போதும் 'ஆப்ஜெக்ட்' என்பதிலிருந்து வருவதாகக் குறிப்பிடாத கிளாஸ்கள் பழைய வகையிலேயே கிடந்தன. 2008 டிசம்பரில் 3.0 வந்தபோதுதான் பழையது முழுக்க ஒழிந்தது.

இன்று 5-இன் டைப் இன்ட், இன்ட்டின் டைப் 'டைப்', 'டைப்'பின் டைப்பும் அதுவே. 42 என்ற ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்ற இன்ட்டை அழைக்கும்போது அழைப்பது ஃபங்ஷனை அல்ல, கிளாஸை. ஜாவாவோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அங்கே சிறிய எழுத்து இன்ட் வெறும் மதிப்பு, இன்டிஜர் தனி கிளாஸ். ஒன்றை மற்றொன்றாகத் தானே மாற்றும் ஆட்டோபாக்ஸிங் அந்தப் பிளவை மூடி மறைத்தாலும், 127 கொண்ட இரண்டு இன்டிஜர்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் சமம் என்றும், 128 ஆனால் பெரும்பாலும் சமமில்லை என்றும் பதில் வந்து குட்டு உடையும். (சமக்குறிக்குப் பதில், இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்க்கும் 'இஸ்' போட்டு எண்களை ஒப்பிடுகிறவருக்கு பைத்தானிலும் இதே கதி காத்திருக்கிறது. அங்கே சிறிய எண்கள் மட்டுமே, வழக்கமாக −5 முதல் 256 வரை, ஒரே ஆப்ஜெக்டாக இருக்கும்; அதற்கும் உத்தரவாதம் இல்லை.)

ஆக, குடும்ப உறவு சரியாகவே இருக்கிறது. கோளாறு மெத்தட்களில், அதாவது கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்களில்.

எல்லாக் கீயையும் சிறிய எழுத்தாக்கி வைக்கும் ஒரு டிக்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிக்டிலிருந்து ஒரு சப்கிளாஸ் எழுதி, அதில் மதிப்பை வைக்கும்போது ஓடும் செட்ஐட்டம் மெத்தடை மாற்றி எழுதுகிறோம். (இருபக்கமும் இரட்டை அண்டர்ஸ்கோர் வரும் பெயர்கள் இங்கே அது இல்லாமலே வருகின்றன.) சதுர அடைப்புக்குள் கீயைக் கொடுத்து மதிப்பை வைத்தால் சரியாக வேலை செய்யும். ஆனால் ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே மதிப்புகளைக் கொடுத்தால் உங்கள் மெத்தட் அழைக்கப்படாது. பல மதிப்புகளைச் சேர்க்கும் அப்டேட், கீ இல்லாவிட்டால் மட்டும் வைக்கும் செட்டிஃபால்ட் இரண்டும் அதை எட்டிப் பார்க்காது. 3.9-இல் வந்த, குத்துக்கோடும் சமக்குறியும் சேர்ந்த இணைப்பு ஆபரேட்டரும் அப்படியே. மதிப்பை எடுக்கும் கெட்ஐட்டத்தை மாற்றினால் கெட் அதை மதிக்காது, கீ இருக்கிறதா என்ற 'இன்' சோதனைக்கோ கன்டெய்ன்ஸ் என்று தனி மெத்தட். உங்கள் ஆப்ஜெக்டிலிருந்து சாதாரண டிக்டாக ஒரு நகல் எடுத்தால், மாற்றிய கெட்ஐட்டத்தைத் தொடாமல் உள்ளே கிடப்பதை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடும்.

காரணம் எளியது. இந்த மெத்தட்கள் சி மொழியில் எழுதப்பட்டவை. டிக்டின் உள்ளே கீயையும் மதிப்பையும் வைத்திருக்கும் ஹாஷ் டேபிளை நேரடியாகத் தொடுகின்றன, ஒன்று மற்றொன்றை பைத்தான் வழியாக அழைப்பதில்லை. நிரல் முழுக்க டிக்ட்மேலேயே ஓடும் மொழியில் அந்த வேகத்தை விட்டுக்கொடுக்க முடியாது, அது நியாயம்தான். நியாயமில்லாதது, இது பிழையே காட்டாமல் நடப்பது. பாதி கீ பெரிய எழுத்திலும் பாதி சிறிய எழுத்திலுமாகச் சேர்ந்த பிறகு, வேறெங்கோ கீ இல்லை என்ற பிழையான கீஎரர் வரும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இதற்கு கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் உள்ள யூசர்டிக்டைத்தான் எடுக்க வேண்டும். பழைய சமாளிப்பின் வாரிசு; 2.2-க்குப் பிறகு தேவையில்லை என்று பலர் ஒதுக்கியது. இது டிக்டின் சப்கிளாஸ் அல்ல. உண்மையான டிக்டை 'டேட்டா' என்ற பெயரில் உள்ளே வைத்துக்கொண்டு, அப்டேட், செட்டிஃபால்ட், பாப் எல்லாவற்றையும் அடிப்படை மெத்தட்கள் வழியாகவே நடத்துகிறது. மேற்சொன்ன தேவைக்கு செட்ஐட்டம், கெட்ஐட்டம், நீக்கும் டெல்ஐட்டம், கன்டெய்ன்ஸ் ஆகிய நான்கையும் எழுத வேண்டும்; சமக்குறி சேர்ந்த இணைப்பு ஆபரேட்டர் இங்கேயும் 'டேட்டா'வை நேரடியாகத் தொடுவதால், அதைப் பயன்படுத்தினால் அதையும். கன்டெய்ன்ஸை மறந்தால் 'இன்' சோதனை பெரிய எழுத்துக் கீயை இல்லை என்று சொல்லிவிடும்.

விலை உண்டு. முழுக்க பைத்தானில் எழுதியது என்பதால் வேகம் குறைவு. வகையைச் சோதிக்கும் இஸ்இன்ஸ்டன்ஸில் டிக்டா என்று கேட்டால் இல்லை என்ற பதில் வரும். தரவை ஜேசன் வடிவ உரையாக்கும் ஜேசன் மாட்யூலின் டம்ப்ஸுக்கு நேரடியாகக் கொடுத்தால், வகை பொருந்தவில்லை என்ற பிழையான டைப்எரர். அங்கே 'டேட்டா'வை எடுத்துக் கொடுங்கள்.

டிக்டிலிருந்து நேரடியாக சப்கிளாஸ் எழுதவே கூடாது என்பதில்லை. இருக்கும் நடத்தையை மாற்றாமல் புதிய மெத்தட் சேர்ப்பதானால் தாராளமாக எழுதலாம்; நூலகத்தில் உள்ள டிஃபால்ட்டிக்டும் கவுன்டரும்கூட டிக்டின் நேரடி சப்கிளாஸ்கள்தான். இல்லாத கீயைக் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு மிஸ்ஸிங் என்ற மெத்தட் இதற்காகவே இருக்கிறது. ஆனால் சதுர அடைப்பில் கேட்டால் மட்டுமே அது ஓடும், கெட் வழியாகக் கேட்டால் ஓடாது.

இன்ட், ஸ்ட்ரிங், டியூப்பிள் (மாற்ற முடியாத பட்டியல்) மூன்றும் மாறாத வகைகள் என்பதால், உருவான ஆப்ஜெக்டைத் தயார்செய்யும் இனிட்டில் மதிப்பை மாற்ற முடியாது, ஆப்ஜெக்டையே உருவாக்கும் நியூ மெத்தடில்தான் மாற்ற வேண்டும். அதைவிடத் தொல்லை திரும்பி வரும் மதிப்பு. இன்ட்டிலிருந்து மீட்டர் என்று ஒரு கிளாஸ் எழுதி இரண்டு மீட்டர்களைக் கூட்டினால் வருவது வெறும் இன்ட். ஸ்ட்ரிங் சப்கிளாஸைப் பெரிய எழுத்தாக்கும் அப்பரும், லிஸ்ட் சப்கிளாஸின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லைஸும் அப்படியே அடிப்படை வகையைத்தான் தருகின்றன. தேதி, நேர வகைகளான டேட், டேட்டைம் சப்கிளாஸ்களோ கால இடைவெளியான டைம்டெல்டாவைக் கூட்டினால் 3.8 முதல் சப்கிளாஸையே தருகின்றன. ஒரே நூலகத்துக்குள் இரண்டு கொள்கை. அலகு, பணம் போன்றவற்றுக்கு எண்ணை உள்ளே வைத்த தனி கிளாஸே நல்லது. எப்படியும் எல்லா ஆபரேட்டரையும் எழுதத்தான் போகிறீர்கள்.

சில கதவுகள் முழுக்கப் பூட்டியவை. இன்ட், ஸ்ட்ரிங் இரண்டையும் சேர்த்து ஒரு கிளாஸுக்குத் தாயாக வைத்தால் நினைவகத்தில் அமையும் லேஅவுட் மோதுகிறது என்று டைப்எரர் வரும். இன்ட்டிலேயே புதிய மெத்தடை ஒட்டவும் முடியாது. ரூபியில் இன்டிஜரைத் திறந்து எதையும் சேர்க்கலாம், வசதிதான். ஆனால் இரண்டு நூலகங்கள் ஒரே பெயரில் சேர்த்துவிட்டால் யார் சரி என்று தேடி அலைய வேண்டும். இதில் பைத்தானின் கறார்த்தனமே மேல்.

ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட பூலிலிருந்தும் சப்கிளாஸ் எழுத முடியாது. ஆனால் பூலே 2.3 முதல் இன்ட்டின் சப்கிளாஸ். ட்ரூவோடு ட்ரூவைக் கூட்டினால் 2. ஒரே டிக்டில் 1-ஐயும் பிறகு ட்ரூவையும் கீயாக வைத்தால் இரண்டும் ஒன்றாகி, கீ 1 என்றே நிற்க, மதிப்பு மட்டும் கடைசியாகக் கொடுத்ததாக மாறும். வரும் தரவைச் சரிபார்க்கும் இடத்தில் இன்ட்டா என்று கேட்பதற்கு முன்பே பூலா என்று கேட்டு விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் வயது என்ற இடத்தில் வந்த ட்ரூ, 1 வயதாக டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.