சேர்ந்த ஜெஸ்ஸியும் பிரிந்த ஜெஸ்ஸியும்

இயக்குநர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், ஒளிப்பதிவாளர் ஒருவர், கதையும் ஒன்று. திரைக்கு வந்த நாளும் ஒன்றுதான்: 2010 பெப்ரவரி 26. கௌதம் வாசுதேவ் மேனன் தமிழில் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ என்றும் தெலுங்கில் ‘ஏ மாய சேசாவே’ என்றும் எடுத்த இந்த இரு படங்களிலும் நாயகியின் குரல்கூட ஒன்றே. த்ரிஷாவுக்கும் சமந்தாவுக்கும் சின்மயியே குரல் கொடுத்திருக்கிறார். முடிவு மட்டும் வேறு. தமிழில் கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் பிரிந்துபோகிறார்கள், தெலுங்கில் சேர்ந்துவிடுகிறார்கள். எந்த முடிவு நல்லது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருமித்த பதில் கிடைக்கவில்லை. முடிவுகளைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய வழியில்லை என்பதால், படங்களை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, யாழ்ப்பாணத்தில் படலைக்கு வெளியே கால் வைக்க முடியாதிருந்த வாரங்களில், இங்குள்ள திருநெல்வேலியில் சித்தி வீட்டில் அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் இரண்டு படங்களையும் பார்த்தோம். தெலுங்குப் படத்தைத் துணையெழுத்துடன் பார்த்தோம். பெரியப்பா, சித்தி, ரியூசன் வகுப்பு நின்றுபோனதால் வீட்டிலிருந்த தங்கை, கொழும்பிலிருந்து வந்து திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்ட ஒன்றுவிட்ட அக்கா, நான் என்று ஐந்து பேர் இருந்தோம். வயதானவர்கள் சேரும் முடிவையும் இளையவர்கள் பிரியும் முடிவையும் விரும்புவார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அந்தக் கணிப்பு பிழையாகிவிட்டது.

முதலில் பெரியப்பாவின் வாதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு சுவையான முடிச்சு இருக்கிறது. தெலுங்கு ரசிகர்கள் சோக முடிவை ஏற்க மாட்டார்கள், அதனால்தான் அவர்களுக்காக முடிவு மாற்றப்பட்டது என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரியப்பா அதை மறுத்தார். 1953 இல் தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே வந்த ‘தேவதாஸ்’ படத்தில் அக்கினேனி நாகேஸ்வரராவ் காதலியின் வீட்டு வாசலில் செத்துக் கிடந்ததை இரு மொழிக்காரரும் அழுது கொண்டாடினார்கள் என்பது அவருடைய வாதம். அந்த நாகேஸ்வரராவின் பேரன்தான் தெலுங்குப் படத்தின் நாயகன் நாக சைதன்யா. பாட்டனைப் பிரிவினால் சாகடித்து நட்சத்திரமாக்கிய மொழியில் பேரனுக்கு மட்டும் பிரிவு பொருந்தாது என்று சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். அதே 2020 பெப்ரவரியில் ‘96’ படம் தெலுங்கில் ‘ஜானு’ ஆக வெளிவந்தபோதும் இயக்குநர் பிரேம் குமார் அதன் பிரிவை மாற்றவில்லை. ஆகவே மொழியைக் காரணம் காட்டும் விளக்கத்தை நானும் ஏற்கவில்லை. முடிவின் தகுதியைப் படத்துக்கு உள்ளேதான் தேட வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது? பொறியியல் படித்துவிட்டுத் திரைப்படம் எடுக்கத் துடிக்கும் இருபத்திரண்டு வயது இந்துப் பையன், தாங்கள் குடிவந்த வீட்டின் மேல்மாடியில் வசிக்கும், தன்னைவிட ஒரு வயது மூத்த மலையாளக் கிறித்தவப் பெண்ணைக் கண்டவுடன் காதலிக்கிறான். பெண்ணின் தந்தை கண்டிப்பானவர், சினிமாவே பிடிக்காதவர். அவள் ‘வேண்டாம்’ என்கிறாள், ‘நண்பராக இருப்போம்’ என்கிறாள், பிறகு நெருங்குகிறாள், மறுபடி விலகுகிறாள். ஆலப்புழைத் தேவாலயத்தில், வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை மணக்கச் சம்மதமா என்று கேட்கும் கணத்தில், எல்லோர் முன்னும் மறுத்துவிடுகிறாள். அவ்வளவு துணிந்தவள், பின்பு கார்த்திக்கே வேண்டும் என்று வீட்டை விட்டு வெளிக்கிட்டு வரவேண்டிய நேரத்தில் தயங்குகிறாள். இந்தத் தயக்கம்தான் படம் முழுவதும் ஓடும் நூல்.

தமிழ்ப் படத்தின் பிரிவு அந்த நூலின் இயல்பான நுனி என்பது என் உறுதியான கருத்து. ஜெஸ்ஸி எந்தத் தருணத்தில் எதைச் சொன்னாலும் அடுத்த தருணத்தில் அதிலிருந்து பின்வாங்கக்கூடியவள் என்பதைப் படம் நமக்குப் பலமுறை காட்டியிருக்கிறது. த்ரிஷாவும் அதை வசனத்தால் காட்டாமல், பதில் சொல்லுமுன் கண்ணைத் தாழ்த்தி எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு இடைவெளியால் காட்டுகிறார். அந்த இடைவெளியைக் கவனித்தவர்களுக்குப் பிரிவு அதிர்ச்சியாக வராது. வந்துவிட்டதே என்ற வலியாகவே வரும். கடைசியில் கார்த்திக் தன் கதையையே படமாக எடுத்து, அதில் காதலர்களைச் சேர்த்துவைத்து, வேறொருவரின் மனைவியாகிவிட்ட ஜெஸ்ஸி அதைப் பார்த்து உடைவதைக் காணும் இடத்தில், திருவள்ளுவர் ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்று 71 ஆம் குறளில் கேட்டதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. தாமரை இந்தப் படத்துக்கு எழுதிய பாடல் ஒன்றில் அதே குறள் இடம்பெறுவது தற்செயலல்ல என்றே நினைக்கிறேன்.

தெலுங்கில் இந்த அமைப்பு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கார்த்திக் எடுக்கும் படத்தில் பிரிவு, வாழ்க்கையில் சேர்க்கை. உள்ளே வரும் படத்தில் நடிப்பவர்கள் சிலம்பரசனும் த்ரிஷாவும். தமிழில் அந்த இடத்தில் நாக சைதன்யாவும் சமந்தாவும் வருகிறார்கள். ஒன்றின் நிஜம் மற்றொன்றின் கனவு. இயக்குநர் இதைத் திட்டமிட்டே செய்திருக்கிறார், அதன் நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நேர்த்தி வேறு, நம்பகம் வேறு. தயங்கித் தயங்கி விலகிய ஒருத்தி, சில ஆண்டுகள் கழித்துத் தயக்கமின்றித் திரும்பி வருகிறாள் என்றால், அந்த ஆண்டுகளில் அவளுக்குள் நடந்தது என்ன என்பதை நாம் பார்த்திருக்க வேண்டும். தெலுங்குப் படம் அதைக் காட்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் தங்கை என்னை மறித்தாள். பதினெட்டு வயதுக்காரி பிரிவின் பக்கம் நிற்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் தெலுங்கு முடிவையே தேர்ந்தாள், அதற்கு அவள் சொன்ன காரணம் என்னிடம் இருக்கவில்லை. த்ரிஷாவின் ஜெஸ்ஸிக்குப் பிரிவு பொருந்துகிறது, சமந்தாவின் ஜெஸ்ஸிக்குச் சேர்க்கை பொருந்துகிறது, இரண்டு ஜெஸ்ஸியும் ஒரே பெண் அல்ல என்றாள். மறுபடி போட்டுப் பார்த்தபோது அது சரியாகவே பட்டது. சமந்தாவுக்கு அது முதற் படம். அவருடைய ஜெஸ்ஸி சிரிக்கும்போது முழுதாகச் சிரிக்கிறாள், கோபப்படும்போது நேராகப் பார்க்கிறாள், தயங்கும்போதுகூட எந்நேரமும் முடிவெடுத்துவிடுவாள் போலத் தோன்றுகிறாள். த்ரிஷாவின் ஜெஸ்ஸியில் எதையோ இழந்துவிட்ட சாயல் முதற்காட்சியிலிருந்தே இருக்கிறது. கதாசிரியர் எழுதிய பாத்திரம் ஒன்றானாலும் நடிகையின் உடல்மொழி முடிவின் நியாயத்தை மாற்றிவிடுகிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் தீர்ப்பு மாறவில்லை, ஆனால் முன்பைவிடத் தணிந்திருக்கிறது.

நாயகர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிலம்பரசன் தமது வழக்கமான ஆரவாரத்தை விட்டு இறங்கி வந்து நடித்த படம் இது, அதனாலேயே அவருடைய தோல்வி நம்மைத் தொடுகிறது. நாக சைதன்யாவுக்கு அது இரண்டாவது படம். அந்தப் பச்சைத்தன்மை சில காட்சிகளில் உதவுகிறது, சிலவற்றில் இல்லை. நகைச்சுவையில் தமிழ்ப் படமே மேல். கணேஷ் என்ற நடிகரின் பெயருக்கு முன்னால் படத்தின் சுருக்கப் பெயரே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது என்றால், அந்தக் கரகரத்த குரலும் கார்த்திக்கின் புலம்பலைப் பொறுமையாகக் கேட்கும் விதமும் மக்களுக்கு எவ்வளவு பிடித்திருக்க வேண்டும். பிரிவு கசப்பாக மட்டும் எஞ்சாமல் இருப்பதற்கு முதற்பாதியில் நாம் சிரித்த சிரிப்பே காரணம்.

ஒன்றுவிட்ட அக்காவுக்கு இரண்டு முடிவுகளுமே பிடிக்கவில்லை. மறுத்த பெண்ணைத் தொடர்ந்து சென்று, ஊர்விட்டு ஊர் தேடிப்போய், அவள் மனத்தைக் கலைத்துவிட்டு, பின்பு அவள் குழம்பினாள் என்று அவள் மேலேயே பழியைப் போடுவது எப்படி நியாயமாகும் என்று கேட்டார். படம் வந்த காலத்தில் இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் குறைவு. இன்று இளம் பெண்கள் பலர் எழுப்புகிறார்கள், எழுப்பவும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை முகப்பில் சைக்கிளோடு நிற்கும் பையனைக் கடந்து வகுப்புக்குப் போய்வந்த எந்தப் பெண்ணுக்கும் அக்காவின் கேள்வி விளங்கும். தமிழ்ப் படம் இதற்குப் பதில் சொல்லவில்லை. தெலுங்குப் படமோ, விடாமல் தொடர்ந்தால் கிடைக்கும் என்று வெகுமதியும் கொடுத்துவிடுகிறது. அந்த வகையில் பார்த்தாலும் பிரிவு முடிவே குறைந்த தீங்குடையது.

அக்கா தமது தெரிவாக முன்வைத்தது ‘96’. இதை மூன்றாவது தெரிவாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை, ஏனென்றால் த்ரிஷா தமிழில் ஏற்ற ஜெஸ்ஸி, ஜானு ஆகிய இரண்டு பாத்திரங்களையும் தெலுங்கில் சமந்தாவே ஏற்றார். இரு படங்களையும் இணைக்கும் கயிறு ஏற்கெனவே இருக்கிறது. 2018 ஒக்டோபரில் வெளிவந்து, அடுத்த மாதம் தீபாவளியன்றே தொலைக்காட்சிக்கும் வந்துவிட்ட ‘96’ ஐ எங்கள் ஊரில் பலரும் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். தஞ்சாவூரில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் பள்ளித் தோழர்களின் ஒன்றுகூடலில் சந்தித்து, ஓர் இரவை ஒன்றாகக் கழித்து, விடிந்ததும் விமான நிலையத்தில் பிரிகிறார்கள். ஜானு திருமணமானவள், ராம் தனியன். சேர முடியாது என்பது நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் படம் பெற்ற கண்ணீருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூற்றாறு என்ற எண்ணுக்கு இங்கே வேறு பொருள் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தது; 1996 சித்திரைக்குப் பின்புதான் சனங்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு பள்ளியில் இருந்தவர்களில் ஒருவர் வன்னிக்குள் போனார், ஒருவர் கொழும்புக்குப் போய் அங்கிருந்து கனடாவுக்குப் போனார், ஒருவர் திரும்பி வந்து பார்த்தபோது பக்கத்து வாங்கு வெறுமையாக இருந்தது. இப்போது ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருபவர்கள் பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஒருவரை ஒருவர் அடையாளம் காணத் தடுமாறும்போது, ராமும் ஜானுவும் அந்தக் கூடத்தில் எங்கோ நிற்பதாகவே தோன்றும்.

ஆனாலும் ‘96’ ஐ ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வுக்கு மேலே வைக்க என்னால் முடியவில்லை. ராம் ஜானுவைத் தேடி அவளுடைய கல்லூரிக்குப் போகிறான். வந்திருப்பவன் வேறொருவன் என்று பிழையாக விளங்கிக்கொண்ட ஜானு கடிந்து திருப்பி அனுப்பிவிடுகிறாள். அவ்வளவுதான் பிரிவின் காரணம். யாரிலும் குற்றமில்லை. குற்றமில்லாத பிரிவுக்கு அழுவது எங்களுக்கு எளிது, ஏனென்றால் போரும் இடப்பெயர்வும் விசாவும் பிரித்த பிரிவுகளை நாங்கள் அப்படித்தான் மனத்தில் வைத்திருக்கிறோம். ஜெஸ்ஸியின் பிரிவு அப்படிப்பட்டதல்ல. அவளை யாரும் கடத்தவில்லை, சுழற்றி எறியவில்லை. அவளே யோசித்து, அழுது, முடிவெடுத்தாள். தந்தையின் முகத்தையும் காதலனின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துத் தந்தையைத் தேர்ந்தாள். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கும் சீதனக் கணக்குக்கும் சாதிக்கும் தலையாட்டி, ஒருவரைக் கைவிட்டு இன்னொருவரோடு மணவறையில் உட்கார்ந்தவர்கள் எங்கள் உறவுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் கதைப்பதே இல்லை. அந்தப் பேசாப் பொருளைத் தமிழ்ப் படம் தொட்டதால்தான் பார்வையாளர்கள் ஜெஸ்ஸியை இவ்வளவு கடுமையாக ஏசினார்கள், இன்னும் ஏசுகிறார்கள். படத்தைப் பிடிக்காது என்றவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிக்காதது முடிவு அல்ல, முடிவெடுத்தவள்.

அதே ஊரடங்கின்போது, 2020 மே மாதத்தில், கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் தொலைபேசியில் கதைத்துக்கொள்ளும் ‘கார்த்திக் டயல் செய்த எண்’ என்ற குறும்படத்தை கௌதம் மேனன் வெளியிட்டார். அதைப் பார்த்தவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். பழைய பாத்திரங்களை மறுபடி கண்ட மகிழ்ச்சி எனக்கும் இருந்தது, ஆனால் திரையரங்கில் முடிந்துபோன ஒன்றுக்கு அது எதையும் கூட்டவில்லை. விட்டிருக்கலாம்.

இரண்டு பெரும் படங்களையும் பார்க்க நினைப்பவர்களுக்கு, தெலுங்கை முதலிலும் தமிழை அடுத்தும் பாருங்கள் என்பேன். நாங்கள் மறுவரிசையில் பார்த்ததால், பிரிவின் கனம் இறங்குமுன் சேர்க்கை வந்து அதைத் துடைத்துவிட்டது.

சித்தியின் தெரிவை இன்னும் சொல்லவில்லை. அந்த முதல் மாலையில் அவர் மடியில் சுளகை வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டே தமிழ்ப் படத்தைப் பார்த்தார். ஜெஸ்ஸி மறுபடி விலகும் இடத்தில் நாங்கள் எல்லோரும் அவளைத் திட்டியபோது, “அவளுக்குப் பயம் பிள்ளையள், அதைக் குற்றமெண்டு சொல்லேலாது” என்று மட்டும் சொன்னார்; கையில் இருந்த நெட்டு அப்படியே இருந்தது. அதன்பிறகு அந்தப் படம் தொலைக்காட்சியில் போகும் போதெல்லாம் அவர் உட்கார்ந்து பார்க்கிறார். கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் மீண்டும் சேர்ந்துவிட்டார்கள் என்று நாம் நம்பும் இடம் வரை பார்க்கிறார். அது கார்த்திக் எடுத்த படம் என்று தெரியவருமுன், விளக்கு வைக்கப் போகிறேன் என்று எழுந்துவிடுகிறார்.